நற்பெயரும் போதிய அறிவும்: யாழ்ப்பாணத்துப் பெண்களும் சட்டத் தொழிற்பயிற்சியும்

சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, மருத்துவம் பற்றி எழுதுவேன் என்றுதான் அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த வாரம் இலண்டனிலிருந்து என் அக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவளும் சில ஆண்டுகள் நம் கல்லூரியின் ஆரம்பப் பிரிவில் படித்தவள். இப்போது சட்டம் படித்து முடித்து, சொலிசிற்றராவதற்கான பயிற்சி இடத்துக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறாள்.

"சித்தி, படிவத்திலே கேட்டிருக்கினம், நுணுக்கமாய் வேலை செய்ததுக்கு ஒரு உதாரணம் சொல்லட்டாம். என்னத்தை எழுதிறது?" என்று கேட்டாள்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் என் அப்பாவின் மூத்த சகோதரி, எங்கள் பெரியமாமி. அவரும் இந்தக் கல்லூரியின் பழைய மாணவி. சட்டத்தரணி ஆகாதவர். அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன், அவர் நின்ற வாசலின் வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

பிறக்கிராசியும் அப்புக்காத்தும்

யாழ்ப்பாணத்தில் இன்றும் முதியவர்கள் சட்டத்தரணியைப் பிறக்கிராசி என்றும் அப்புக்காத்து என்றும் சொல்வதுண்டு. இரண்டும் அந்நிய ஆட்சிக் காலம் விட்டுச் சென்ற சொற்கள். பிறக்கிராசி கட்சிக்காரரைச் சந்தித்து, வழக்கைத் தயார் செய்து, பத்திரங்களைத் தாக்கல் செய்பவர். பெரும்பாலும் அவரே நொத்தாரிசாகவும் இருந்து காணி உறுதி முடிப்பார். அப்புக்காத்து மன்றில் எழுந்து வாதாடுபவர். இங்கிலாந்தில் சொலிசிற்றர், பாரிஸ்டர் என்று உள்ள பிரிவுக்கு ஏறக்குறைய ஒப்பானது இது. 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டத்தின் பின்னர் 1974 முதல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டு, எல்லோரும் சட்டத்தரணிகள் ஆனார்கள்.

இந்தத் தொழிலுக்கு யாரை எடுப்பது? 1833ஆம் ஆண்டின் நீதிப் பட்டயம் அதற்கு விடை சொல்லியிருக்கிறது. நற்பெயர் உடையவராக இருக்க வேண்டும். பரீட்சித்துப் பார்க்கையில் போதிய அறிவும் திறமையும் உடையவராகக் காணப்பட வேண்டும். இவ்வளவுதான். 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டமும் இதே தகைமைகளைத்தான் ஏறக்குறைய இதே சொற்களில் கேட்கிறது. ஒன்றரை நூற்றாண்டில் ஆட்சி மாறியது, கொடி மாறியது, அரசியலமைப்பு பல முறை மாறியது. ஒரு சட்டத்தரணியிடம் நாடு எதிர்பார்க்கும் குணங்கள் மட்டும் மாறவில்லை.

அறிவைப் பரீட்சையில் அளந்துவிடலாம். நற்பெயரை எப்படி அளப்பது? அதற்குத்தான் தொழிற்பயிற்சி ஏற்பட்டது. இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே, அற்றோர்ணியாக விரும்புபவர் ஐந்து ஆண்டுகள் ஒருவரிடம் ஒப்பந்த எழுத்தராக இருந்து பழக வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். இலங்கையிலும் மூத்தவரின் அலுவலகத்தில் இருந்து பழகும் முறை வந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன்கூட சேர் றிச்சர்ட் மோர்கனின் கீழ்ப் பயின்றே அப்புக்காத்து ஆனார். 1874இல் தொடங்கிய சட்டக்கல்லூரி பாடத்தைக் கற்பித்தது. தொழிலைக் கற்பித்தது மூத்தவரின் மேசை. இன்றும் சட்டக்கல்லூரிப் படிப்பை முடித்தவர் ஒரு மூத்த சட்டத்தரணியிடம் ஆறு மாதம் பயிற்சி பெற்ற பின்னரே கொழும்பு புதுக்கடையில் உயர் நீதிமன்ற நீதியரசர்கள் முன்னிலையில் சத்தியப்பிரமாணம் செய்யலாம். வைத்தியர்களாகிய நாங்கள் உள்ளகப் பயிற்சியில் ஓர் ஆண்டு இரவு பகலாக வாட்டில் நிற்பதும் இதே காரணத்துக்காகத்தான். பரீட்சைத் தாளில் தெரியாத சில விடயங்கள் இரவு இரண்டு மணிக்கு வாட்டில் தெரிந்துவிடும்.

ஆள் என்றால் யார்?

பட்டயத்தில் 'ஆண்' என்று எழுதியிருக்கவில்லை. 'ஆட்கள்' என்றுதான் இருந்தது. ஆனாலும் நூறு ஆண்டுகளாக ஒரு பெண்ணும் அந்த வாசலால் நுழையவில்லை. இங்கிலாந்தில் இந்தச் சொல் வழக்காகவே மன்றுக்குப் போனது. 1913இல் குவினத் பெப் என்ற பெண், சொலிசிற்றர் பரீட்சைக்குத் தோற்ற அனுமதி கேட்டு வழக்குத் தொடர்ந்தார். சொலிசிற்றர்கள் பற்றிய சட்டத்திலும் 'ஆட்கள்' என்றே இருந்தது. ஆனால் பெண்கள் முன்னர் ஒருபோதும் இந்தத் தொழிலில் இருந்ததில்லை, ஆகவே இந்தச் சட்டத்தின் கருத்தில் அவர்கள் 'ஆட்கள்' அல்லர் என்று நீதிமன்றம் தீர்த்தது. முன்பு வரவில்லை, ஆகவே இனியும் வர முடியாது என்பதே அதன் சாரம். 1919இல் சட்டம் மாறியது. 1922இல் கரி மொறிசன் இங்கிலாந்தின் முதல் பெண் சொலிசிற்றராகச் சேர்க்கப்பட்டார். இந்தியாவிலும் 1923இல் பெண்களுக்கான தடையை நீக்கச் சட்டம் செய்யப்பட்டது.

இலங்கையில் அந்தத் தடை 1933இல்தான் கட்டளைச்சட்டம் ஒன்றின் மூலம் நீங்கியது. கொழும்பில் பிறந்த பார்சிப் பெண் அவாபாய் மேத்தா அக்காலத்தில் தமது 19ஆவது வயதில் இங்கிலாந்தில் பாரிஸ்டர் பரீட்சையில் சித்தியடைந்து, அவ்வாறு சித்தியடைந்த முதல் இலங்கைப் பெண் என்று பெயர் பெற்றிருந்தார். பின்னாளில் அவாபாய் வாடியா என்ற பெயரில் இந்தியக் குடும்பத் திட்டச் சங்கத்தை 1949இல் தொடங்கியவரும் அவர்தான். பெண்நோயியல் படித்த காலத்தில் அந்தப் பெயரை நான் அறிந்திருந்தேன். அவர் முதலில் சட்டம் படித்தவர் என்பதை வெகு காலம் கழித்தே அறிந்தேன்.

நம் சங்கத்தைத் தொடங்கிய மூதாட்டிகள் முதல் கூட்டத்துக்கு வந்து அமர்ந்திருந்த காட்சியை எண்ணிப் பாருங்கள். அவர்களில் ஆசிரியைகள் இருந்திருப்பார்கள். ஒருவர் வைத்தியராக வர விரும்பியிருந்தாலும் வழி இருந்தது. கொழும்பு மருத்துவக் கல்லூரி 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டிலேயே பெண்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டது. இணுவிலில் 1898இல் எழுந்த மக்லியொட் வைத்தியசாலையில் பெண் வைத்தியரையே எங்கள் பூட்டிமார் கண்ணால் கண்டார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவர், எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், பிறக்கிராசியாக வர முடியாது. அதற்குச் சட்டமே இடம் கொடுக்கவில்லை.

ஏன் இந்த வேறுபாடு? பெண் நோயாளியை ஆண் வைத்தியர் தொட்டுப் பார்ப்பதைக் குடும்பங்கள் விரும்பவில்லை. ஆகவே பெண் வைத்தியர் தேவை என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். சட்டத்திலும் பெண்ணுக்குத் தேவை குறைவாக இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்ணின் பெயரில் உள்ளவை. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரண்டு முதலிமார் பார்த்து ஒப்பிய தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று ஆதனத்தை வகுத்தது. சீதன உறுதி மகளின் பெயரில் எழுதப்பட்டது. ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தின்படி, மணமான பெண் தன் அசையா ஆதனத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். காணிக்குச் சொந்தக்காரி பெண். உறுதி முடிக்கும் மேசையைச் சுற்றியிருந்த நொத்தாரிசும் சாட்சிகளும் கையெழுத்துக் கொடுக்கும் கணவனும் ஆண்கள். அந்த மேசையில் அவளிடம் தனியாக, "பிள்ளை, உமக்கு இது முழுச் சம்மதம்தானே?" என்று கேட்க ஒரு பெண் இருக்கவில்லை.

பெண் கல்விக்கு உதவியவர்களும் எல்லாக் கதவையும் திறக்க விரும்பவில்லை என்பதையும் வரலாறு என்ற வகையில் குறிப்பிட வேண்டும். மருதனார்மடத்தில் 1913இல் பெண்களுக்காகக் கல்லூரி நிறுவிய சேர் பொன். இராமநாதன், டொனமூர் ஆணைக்குழுவின் முன் பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதை எதிர்த்தார். வாக்குரிமை 1931இல் வந்தது. அடுத்த ஆண்டே நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்மணி கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அதற்கு அடுத்த ஆண்டு சட்டத் தொழிலின் கதவும் திறந்தது.

பெரியமாமியின் மேசை

சட்டம் கதவைத் திறந்து இருபது ஆண்டுகளாகியும் எங்கள் வீட்டுப் படலை திறக்கவில்லை. பெரியமாமி 1950களில் சிரேஷ்ட பாடசாலைத் தராதரப் பரீட்சையில் நல்ல சித்தி பெற்றார். சட்டம் படிக்க ஆசை என்று அப்பப்பாவிடம் சொன்னார். "கொழும்புக்குக் குமர்ப்பிள்ளையை அனுப்பி, கோட்டிலே கள்ளரோடையும் கொலைகாரரோடையும் நிக்க விடுறதோ?" என்பது பதில். அந்தக் கதை அங்கேயே முடிந்தது. நகரில் ஒரு பிறக்கிராசியார் அலுவலகத்தில் எழுதுவினைஞராகச் சேர மட்டும் சம்மதம் கிடைத்தது. காரணம் அவருடைய கையெழுத்து: முத்து முத்தாக இருக்கும்.

காணி உறுதி என்பது வெறும் தாளல்ல. 1840ஆம் ஆண்டின் மோசடி தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் கையொப்பமிடாவிட்டால் காணிக் கைமாற்றம் செல்லாது. ஒரு பிரதி சொந்தக்காரருக்கு, ஒன்று நொத்தாரிசின் கோவைக்கு, ஒன்று காணிப் பதிவகத்துக்கு. பெரியமாமியின் வேலை இந்தப் பிரதிகளை எழுதி, ஒருவர் வாசிக்க மற்றவர் பார்த்து ஒப்பிடுவது. காணியின் பெயர், பரப்பு எத்தனை, குழி எத்தனை, கிழக்கு எல்லை, வடக்கு எல்லை, மேற்கு, தெற்கு, பங்குக் கிணறு, கிணற்றுக்குப் போய்வரும் வழிவாய்க்கால். ஒரு பரப்புக்குப் பதினெட்டுக் குழி. அரைக் குழி தவறினாலும் மூன்று தலைமுறை கோட்டுக்கு அலையும்.

அங்கே தொழில் பழகவந்த ஓர் இளைஞர் எழுதிய வரைவு ஒன்றில் கிழக்கும் மேற்கும் மாறியிருந்ததாம். கட்சிக்காரர் கையொப்பமிட வந்து விறாந்தையில் காத்திருக்கிறார். ஒப்பிட்ட இருவரும் எழுத்துக்கு எழுத்துச் சரி பார்த்துவிட்டார்கள்; வரைவிலேயே பிழை என்றபடியால் பிரதிகள் எல்லாம் ஒன்றுபோலப் பிழையாக இருந்தன. பெரியமாமிக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. பழைய உறுதியை எடுத்துப் பார்த்தார். ஒழுங்கை கிழக்கே இருக்க, இதில் மேற்கே இருந்தது. பிறக்கிராசியாரிடம் போய்ச் சொன்னார். அவர் பாராட்டவும் இல்லை, யாரையும் ஏசவும் இல்லை. கட்சிக்காரரை அடுத்த நாள் வரச் சொன்னார். அன்று முதல், பெரியமாமியின் கண் படாமல் ஓர் உறுதியும் அந்த அலுவலகத்தை விட்டுப் போகவில்லை. அந்த இளைஞர் சில ஆண்டுகளில் பிறக்கிராசி ஆனார். பெரியமாமி அதே மேசையில் இருந்து, ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தார்.

அந்த மேசையில் எழுதப்பட்ட உறுதிகளில் ஒன்று எங்கள் அப்பம்மாவின் வலிகாமம் வடக்குக் காணிக்குரியது. 1990இல் அங்கிருந்து எல்லோரும் இடம்பெயர்ந்தோம். நான் அப்போது சிறு பிள்ளை. 1995இல் முழு வலிகாமமும் தென்மராட்சிக்கு நடந்தபோதும் அந்த உறுதி ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் இருந்து எங்களோடு நடந்தது. போர் முடிந்து, காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது போய்ப் பார்த்தோம். வீடில்லை, மதிலில்லை, வேலியில்லை, எல்லை காட்டி நின்ற பூவரசுமில்லை. எது யாருடைய வளவு என்று முதியவர்களாலும் சொல்ல முடியவில்லை. நிலஅளவையாளர் உறுதியைக் கேட்டார். பரப்பும் குழியும் நான்கு எல்லையும் பங்குக் கிணறும் அதில் இருந்தபடியே இருந்தன. கிணறு மட்டும்தான் மிச்சமாக நின்றது, அதிலிருந்து அளந்தார்கள். பெரியமாமி அதற்கு முந்திய ஆண்டு காலமாகிவிட்டார்.

நுணுக்கம் என்று படிவத்தில் கேட்கிறார்கள் அல்லவா? அது இதுதான் என்று மகளுக்குச் சொன்னேன். மேலதிகாரி மெச்சுவதற்காகச் செய்வதல்ல. அறுபது ஆண்டு கழித்து, எழுதியவரும் எழுதுவித்தவரும் இல்லாத நாளில், எங்கோ ஒரு வெறும் நிலத்தில் நிற்கும் ஒரு குடும்பத்துக்காகச் செய்வது.

இன்று என்ன கேட்கிறார்கள்?

இங்கிலாந்தில் 2021 செப்ரெம்பரில் முறை மாறியது. புதிய தகுதிப் பரீட்சையோடு இரண்டு ஆண்டுத் தொழில் அனுபவம் வேண்டும். அதை நான்கு நிறுவனங்கள் வரை பிரித்தும் பெறலாம். பெரிய நிறுவனங்களில் ஓர் இடத்துக்குப் பல பேர் போட்டியிடுகிறார்கள். அவர்கள் தேடும் குணங்களின் பட்டியலை மகள் வாசித்துக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய பெயர் இருக்கிறது.

கட்சிக்காரரின் வணிகத்தை விளங்கியிருக்க வேண்டுமாம். புகையிலைத் தரகும் வெளிநாட்டுக் காசும் சீதனப் பேச்சும் தெரியாத பிறக்கிராசியிடம் இங்கே யார் போனார்கள்? எழுத்திலும் பேச்சிலும் தெளிவு வேண்டுமாம். ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் குறுக்கு விசாரணை பற்றி எங்கள் தாத்தாமார் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் பொன்னம்பலம் போல முழங்காமல், ஆசிரியராக இருந்துகொண்டே சட்டம் படித்து, குடியியல் வழக்குகளில் பெயரெடுத்தவர் சா. ஜே. வே. செல்வநாயகம். இரண்டு வகைக்கும் தொழிலில் இடமுண்டு. கூச்சம் உள்ள நம் பிள்ளைகள் இதை அறிந்திருப்பது நல்லது. மனந்தளராமை வேண்டுமாம். குப்பி விளக்கில் சாதாரணதரம் படித்து, இடம்பெயர்ந்து, மரத்தடியில் உயர்தரம் படித்த தலைமுறைக்கு அதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அதைப் படிவத்தில் எழுத நமக்குக் கூச்சம். 'என்னைப் பற்றி நானே சொல்வதா' என்று வளர்க்கப்பட்டோம்.

என் தொழிலிலிருந்து ஒன்றைச் சேர்ப்பேன். நோயாளி முதலில் சொல்வது பெரும்பாலும் அவர் வந்த காரணமல்ல. தலையிடி என்று வருபவர் கடைசியில் கதவடியில் நின்று வேறொன்றைச் சொல்வார். அந்தக் கதவடிவரைக்கும் பொறுத்திருக்கத் தெரிய வேண்டும். கேட்டதை வெளியே சொல்லாதிருக்கவும் தெரிய வேண்டும். உறுதி முடிக்க வரும் பெண்ணுக்கும் அது பொருந்தும். 1833இல் 'நற்பெயர்' என்று எழுதியதன் உள்ளே இவை எல்லாம் இருக்கின்றன.

குணம் இருந்தால் போதுமா?

பெரியமாமியிடம் பட்டயம் கேட்ட குணங்கள் இருந்தன. அவருக்குக் கிடைக்காதது பழகுவதற்கு ஓர் இடம். இன்று நீதிமன்ற வளாகத்தில் கறுப்பு அங்கியோடு போகும் பெண்களைக் காணும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. யாழ். பல்கலைக்கழகத்திலும் சட்டம் படிக்கலாம். இங்கிலாந்தில் சொலிசிற்றர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆனாலும் கதவு முழுதாகத் திறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சட்டக்கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த 2020இன் இறுதியில் ஓர் ஒழுங்குவிதி வந்தது. 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதை நிராகரித்தது. அது நிறைவேறியிருந்தால் கிராமத்துத் தமிழ்ப் பிள்ளைக்கும் சிங்களப் பிள்ளைக்கும் வாசல் மறுபடி ஒடுங்கியிருக்கும். ஆங்கிலம் வேண்டாம் என்பதல்ல என் கருத்து. நன்றாகப் படித்தே ஆக வேண்டும். ஆனால் ஆங்கிலம் கற்பிக்க ஆளில்லாத ஊரில் இருந்து வருவதை, குணக்குறைவாக எண்ணக் கூடாது.

அடுத்த தடை இன்னும் எளியது. குடும்பத்தில் சட்டத்தரணி இல்லாத பிள்ளைக்கு அந்த ஆறு மாதப் பயிற்சிக்கு யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாது. வைத்தியராகும் பிள்ளையை அரசாங்கம் ஒரு வைத்தியசாலைக்கு அனுப்பிவிடும். சட்டம் படித்த பிள்ளை தானே போய் ஒரு கதவைத் தட்ட வேண்டும்.

இந்த நூற்றாண்டில் நம் சங்கம் மண்டபத்துக்கு மின்விசிறி கொடுத்தது, நூலகத்துக்குப் புத்தகம் கொடுத்தது, புலமைப்பரிசில் கொடுத்தது. அவற்றோடு இன்னொன்றையும் செய்யலாம். நம்முள் சட்டத்தரணிகளாக இருப்பவர்கள், யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும், ஆளுக்கு ஓர் இடம் என்று தங்கள் அலுவலகத்தில் ஒதுக்கி, பெயரைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்து வைக்கட்டும். படித்து முடித்து வரும் நம் பிள்ளை அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கட்டும். வெளிநாட்டில் விண்ணப்பம் எழுதுபவளுக்கு, எழுதியதை ஒருமுறை வாசித்துத் திருத்திக் கொடுக்க ஒரு அக்கா இருக்கட்டும். செலவு அதிகமில்லை. ஒரு மேசை, ஒரு கதிரை, பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க ஒரு ஆள்.

மகள் தன் படிவத்தில் பெரியமாமியைப் பற்றி எழுதவில்லை. "அது அவ செய்தது சித்தி, நான் செய்ததைத்தானே கேக்கினம்" என்றாள். நியாயம்தான். தான் கோடை விடுமுறையில் ஓர் இலவசச் சட்ட ஆலோசனை நிலையத்தில் வேலை செய்தபோது, ஒரு தமிழ்த் தாயின் வாடகை ஒப்பந்தத்தில் திகதி பிழைத்திருந்ததைக் கண்டுபிடித்ததை எழுதினாள். அனுப்புவதற்கு முன் எனக்கு வாசித்துக் காட்டினாள். நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறார்கள். இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது முடிவு தெரிந்திருக்கும்.